கல்ல பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பாரிஷ் கவுன்சில் பெரியவங்களுக்கும் சர்ச் வார்டன் ரெண்டு பேருக்கும்,

வணக்கம். நான் இங்கிலாந்துல இந்த நார்ஃபோக் கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்து 11 வருஷம் ஆச்சு. இத இங்கிலீஷ்ல எழுதத்தான் உக்காந்தேன், ஆனா எனக்கு கோவம் தமிழ்ல தான் ஒழுங்கா வருது. பையன் மொழிபெயர்த்துக் கொடுப்பான், அப்படியே கொஞ்சம் மரியாதையும் சேத்துக்குவான்.

சர்ச் வாசல் போர்டுல நீங்க ஒட்டியிருக்குற நோட்டீஸ் பத்தி தான். பின்பக்கம் இருக்குற பழைய கல்லறைக் கல்ல எல்லாம் எடுத்து சுவரோரமா சாத்திட்டு, புல்லு வெட்டுற மெஷின் தடையில்லாம போற மாதிரி பண்ணப் போறீங்களாம். கல்லு ஆடுது, யாரு மேலயாவது விழுந்துரும்னு காரணம் வேற. ஆடுற கல்ல நிமித்தி வைங்க, யாரு வேணாம்னா. ஆடாம நிக்கிறது என்ன பாவம் பண்ணுச்சு?

எனக்கு ஏன் இவ்ளோ வலிக்குதுன்னு சொல்றேன். என் மாமியார் பரம்பரை பூர்வீகமே இந்த ஊரு தான். அவங்களுக்காக நாரிச்ல இருக்குற ரெக்கார்ட் ஆபிஸ்ல உக்காந்து பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர் எல்லாம் பாத்தேன். 1538ல எட்டாவது ஹென்றி ராஜா காலத்துல அவரோட மந்திரி தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவுல ஆரம்பிச்ச பழக்கம் இது, ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊரும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வைக்கணும்னு. எழுதினாங்க, ஆனா எவ்ளோ எழுதினாங்கன்னு நெனைக்கிறீங்க? 1813ல அச்சடிச்ச படிவம் வர்ற வரைக்கும் அடக்கம்னா பல நேரம் தேதி, பேரு, அவ்ளோ தான். வயசு இல்ல, வீடு இல்ல, யாரு புருஷன் யாரு அப்பான்னு எதுவும் இல்ல.

இந்த ஊர்ல அப்போ ஒரே குடும்பப் பேருல மூணு வில்லியம். ஞானஸ்நானம் 1722ல ஒருத்தர், 1735ல ஒருத்தர், நடுவுல ஒருத்தர் 1728 பிப்ரவரி. அந்த நடு ஆளோட அப்பா அம்மா கல்யாணம் 1728 ஏப்ரல்னு போட்டிருக்கு. புள்ளைக்கு ஞானஸ்நானம் பிப்ரவரில, கல்யாணம் ஏப்ரல்லயா! மாமியார் மூஞ்சியே செத்துப் போச்சு, ரெண்டு நாள் என்கிட்ட சரியா பேசல. அப்புறம் தான் எனக்கு உறைச்சுது, 1752க்கு முன்னாடி இங்க வருஷம் மார்ச் 25ல தான் பொறக்கும், அதனால அவங்க எழுதின 1728 பிப்ரவரி நம்ம கணக்குல 1729, கல்யாணமாகி பத்து மாசம். அன்னைக்கு எங்க வீட்ல கேக் வெட்டினோம்.

சரி, இந்த மூணு பேர்ல எங்காளு யாரு? 1811ல ஒரு வில்லியம் அடக்கம்னு மட்டும் ரிஜிஸ்டர் சொல்லுது. எந்த வில்லியம்னு சொன்னது நீங்க பிடுங்கப் போற கல்லு தான். சக்கரம் செய்யிற வில்லியம், வயசு 82, பக்கத்துலயே பொண்டாட்டி பேரு. 82ன்னா 1729, கேஸ் முடிஞ்சுது. அந்த எழுத்தையும் பகல்ல நேரா பாத்தா ஒண்ணுமே தெரியாது, வெளிச்சம் பக்கவாட்டுல சாய்வா விழணும், டார்ச்ச கல்லோட ஒட்டிப் பிடிச்சு தான் படிச்சேன். சுவரு பக்கம் முகத்த திருப்பி சாத்தி வெச்சா எங்க போய் டார்ச் அடிக்கிறது?

கல்லு வெச்சவன் கையில கொஞ்சம் காசு இருந்தவன், அதுவும் தெரியும். மாமனார் பக்கம் எல்லாம் கூலிக்காரங்க, 1841 சென்சஸ்ல விவசாயக் கூலிங்குறத "ஆக் லாப்"னு சுருக்கி எழுதிட்டுப் போயிருக்காங்க, அவங்களுக்கு ஒரு கல்லு கூட கெடையாது. அதுல ஒரு குடும்பத்த 1662 செட்டில்மென்ட் சட்டப்படி, நீ எங்க ஊரு ஆளு இல்ல, உனக்கு கஞ்சி ஊத்த முடியாதுன்னு இந்த பாரிஷே பக்கத்து பாரிஷுக்கு வண்டி ஏத்தி அனுப்பியிருக்கு. அப்படி அனுப்புன உத்தரவுக் காகிதத்த மட்டும் மூணு பூட்டுப் போட்ட பெட்டில பத்திரமா வெச்சிருந்தாங்க பாருங்க. ஆளுக்கு எடமில்ல, காகிதத்துக்கு மூணு பூட்டு.

கல்லறைத் தோட்டத்த புது அடக்கத்துக்கு மூடியாச்சு, பராமரிப்பு இப்போ கவுன்சில் கையில, நாங்க முடிவு பண்ணலாம்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு. 1972 உள்ளாட்சி சட்டப்படி சர்ச் கமிட்டி அந்த வேலைய உங்க தலைல கட்டலாம், உண்மை தான் (எங்க ஊர்ல பஞ்சாயத்தும் கோயில் கமிட்டியும் இப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு தள்ளிவிடும்). ஆனா புல்லு வெட்டுற பொறுப்பு கை மாறுனாலும், கல்ல நகத்த டயசீஸ்கிட்ட, அதாவது பிஷப்போட மறைமாவட்டத்துகிட்ட, ஃபேகல்ட்டிங்குற அனுமதி வாங்கித்தான் ஆகணும். அதுவும் போக கல்லு சர்ச்சுக்கும் சொந்தமில்ல கவுன்சிலுக்கும் சொந்தமில்ல, வெச்சவங்களோடது, அவங்க காலத்துக்கு அப்புறம் யாரு நெனப்புக்கு வெச்சாங்களோ அவங்க வாரிசோடது. அந்த வில்லியம் கல்லுக்கு வாரிசு என் வீட்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காங்க, வேணும்னா வந்து கேட்டுப் பாருங்க.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. எந்தக் கல்லு எங்க நிக்குதுன்னு நம்பர் போட்டு ஒரு வரைபடம், ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, அதுல ஒரு காப்பி ரெக்கார்ட் ஆபிஸுக்கு. அது முடியிற வரைக்கும் எதையும் தொடாதீங்க. பாசி புடிச்சிருக்குன்னு கம்பி பிரஷ் வெச்சுத் தேய்க்கவும் வேணாம், பாசியோட எழுத்தும் சேந்து போயிரும்.

ஆள் இல்லன்னு சொல்லுவீங்க, அதனால நானே வர்றேன். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நானும் பையனும் டார்ச்சும் நோட்டுமா வந்து மேற்கு மூலைல இருந்து ஆரம்பிக்கிறோம், கேட்ட மட்டும் பூட்டிராதீங்க.