சில்லு வடிவமைப்புக்கும் நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவில் தற்சார்பு பெற, 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சுமார் 10,372 கோடி ரூபாய்த் திட்டத்தை முழுமனதுடன் வரவேற்கிறேன். புத்தொழில் நிறுவனங்களும் ஆய்வாளர்களும் ஜிபியு (செயற்கை நுண்ணறிவை இயக்கும் உயர்திறன் சில்லு, அதாவது சிப்) வசதியைச் சலுகைக் கட்டணத்தில் பெறுவது பேருதவி. ஆயினும் அந்த ஜிபியுக்களில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்கள் வடிவமைத்து, தைவானில் தயாரானவை. உயர்திறன் சில்லுகளை எந்த நாட்டுக்கு எவ்வளவு விற்கலாம் என 2025 ஜனவரியில் பைடன் அரசு விதி வகுத்தபோது, கட்டுப்பாடின்றி வாங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. டிரம்ப் அரசு மே மாதம் அதைக் கைவிட்டது என்றாலும், நம் திட்டத்தின் கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1980களில் நாம் கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. அதன்பின் 1988-இல் சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் உருவாகி, 1991-இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை நாமே உருவாக்கினோம். அந்த முனைப்பு இன்று இன்னும் அவசியம். சென்னை ஐஐடி 'சக்தி' செயலியை வடிவமைத்துக் காட்டியிருக்கிறது. அத்தகைய குழுக்கள் செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளை வடிவமைக்க, இத்திட்ட நிதியில் ஒரு பங்கை அரசு தனியாக ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி