பஃபரைத் திருப்பிக் கொடுக்க மறந்த நிரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையும் யூஎஸ்பி கேமராவும் வைத்து நாமே காவல் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கிற வீடுகள் எத்தனையோ. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அதோடு கொடுத்திருக்கும் நிரல் மேசைமேல் பத்து நிமிடம் ஓடும். ஆளில்லாத வீட்டில் மூன்று மாதம் ஓடாது. கோளாறெல்லாம் கேமராவின் பஃபர்களை (படம் வந்து தங்கும் நினைவகத் துண்டுகளை) எம்மேப் செய்து, அதாவது நிரல் நேரே பார்க்கும்படி இணைத்து, கையாளும் அந்த அறுபது எழுபது வரிகளுக்குள்தான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ‘எம்மேப் போட்டால் படம் ஒருமுறைகூட நகலாகாது’ என்று எழுதியிருக்கிறார்கள். யூஎஸ்பி கேமராவில் அப்படி இல்லை. யூஎஸ்பி வழியே துண்டு துண்டாக வரும் தரவை லினக்ஸில் யூஎஸ்பி கேமராக்களை இயக்கும் யூவிசி டிரைவர் தானே எடுத்து பஃபரில் நகல் செய்து கோக்கிறது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலிருந்து நம் நிரலுக்கு வரும் இரண்டாவது நகல்தான் எம்மேப்பால் தவிர்வது. 640க்கு 480 அளவில் சுருக்காத ஒய்யுஒய்வி படம், புள்ளிக்கு 2 பைட் வீதம், 6,14,400 பைட். நொடிக்கு 30 படம் என்றால் சுமார் 18.4 மெகாபைட். அதை இன்னொரு தடவை தூக்கி வைக்காமல் இருப்பது சின்னப் பலகைக்கு லாபம்தான்.

இனி பிழைக்கு வருவோம். கட்டுரையின் நிரல் நான்கு பஃபர் கேட்கிறது. முதல் பஃபரை ஆஃப்செட் (எங்கிருந்து மேப் செய்வது என்று எம்மேப்புக்குச் சொல்லும் எண்) 0-இல் மேப் செய்து, அகலம் × உயரம் × 2 என்று தானே கணக்குப் போட்டு அடுத்தடுத்த பஃபர்களுக்கு நகர்கிறது. 640க்கு 480-இல் இது வேலை செய்வது தற்செயல்: 6,14,400 என்பது, கெர்னல் நினைவகத்தைப் பிரிக்கும் 4,096 பைட் பக்கங்களில் சரியாக 150. அதையே 1920க்கு 1080 ஆக்கினால் 41,47,200 பைட், அதாவது ஆயிரத்துப் பன்னிரண்டரை பக்கம். ஆஃப்செட் பக்க எல்லையில் விழாததால் எம்மேப் ‘ஈஇன்வால்’ (செல்லாத மதிப்பு) என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த ஆஃப்செட் உண்மையில் முகவரியே இல்லை. டோக்கன் மாதிரி. கெர்னல் அதை எப்படி அமைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புதிய கெர்னல்களில் அமைப்பு மாறியும் இருக்கிறது. பஃபர் கேட்கும் ‘ரெக்பஃப்ஸ்’ அழைத்தபின் எத்தனை பஃபர் கிடைத்தது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் சொல்லும் ‘குவெரிபஃப்’ அழைத்து, அது தரும் ஆஃப்செட்டையும் நீளத்தையும் அப்படியே எம்மேப்புக்குக் கொடுக்க வேண்டும். மேப்பிங் ‘ஷேர்ட்’ (பகிர்ந்தது) ஆக இருக்க வேண்டும். நம் கணக்கு அங்கே வேண்டாம்.

பெரிய பிழை இதற்கு அடுத்தது. ஆத்தங்குடியில் கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். கண்ணாடித் தட்டின்மேல்தான் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கிறார்கள். கல் காய்ந்து கண்ணாடி கழன்று வார்ப்பவர் கைக்குத் திரும்பினால்தான் அதில் அடுத்த கல். பஃபரும் அப்படியே. ‘க்யூபஃப்’ செய்தால் பஃபர் டிரைவர் கையில். ‘டிக்யூபஃப்’ செய்தால் நம் கையில். நாம் தொடலாம், படிக்கலாம், ஆனால் மறுபடி க்யூபஃப் செய்யும்வரை டிரைவர் அதில் எழுதாது. மேப்பிங் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். மாறுவது யார் முறை என்பதுதான். க்யூபஃப் செய்த பிறகும் அந்த முகவரியைப் படிக்க எதுவும் தடுக்காது. மேல்பாதி புதிய படம், கீழ்பாதி பழைய படம் என்று கிடைக்கும், அவ்வளவே.

கட்டுரையின் நிரலில் சுருக்கிய ஜேபெக் படத்தைப் பிரிக்க முடியாமல் போனால் ‘கன்டின்யூ’ போட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். க்யூபஃப் வரி அதற்குக் கீழே இருக்கிறது. ஆக, கெட்டுப்போன ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பஃபர் திரும்பாமல் தங்கிவிடுகிறது. நான்கு கெட்ட படம் வந்துவிட்டால் டிரைவர் கையில் ஒன்றும் இல்லை. டிக்யூபஃப் காத்துக்கொண்டே கிடக்கும். பிழைச் செய்தி வராது. கேமரா விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சுமாரான கேபிளில் நான்கு கெட்ட படம் சேர ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அதனால்தான் மேசைமேல் இது தெரிவதில்லை. டிக்யூபஃபுக்குப் பின் எந்த வழியாக வெளியே போனாலும் க்யூபஃப் நடந்தாக வேண்டும். டிரைவர் பிழை என்று கொடி ஏற்றிய பஃபரும் இதில் சேர்த்தி. ஜேபெக்கைச் சேமிக்கும்போது பஃபரின் முழு நீளத்தை எழுதாமல் ‘பைட்ஸ்யூஸ்டு’ எவ்வளவோ அவ்வளவு மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் முந்தைய படத்தின் வால் ஒட்டிக்கொண்டு கோப்பு வீணாகப் பெருக்கும்.

இன்னொன்று, எங்கள் ஊர் வீட்டுக்கென்றே சொல்வது. ஜன்னல் சாத்திய வளவில் மாலையானால் இருட்டு. பல யூஎஸ்பி கேமராக்கள் வெளிச்சம் குறைந்தால் எக்ஸ்போஷரை (ஒளி வாங்கும் நேரத்தை) நீட்டி, நொடிக்கு 30 படத்தை 15 ஆகவோ அதற்கும் கீழாகவோ தாமே குறைத்துக்கொள்ளும். படம் வந்ததா என்று காத்திருக்கும் ‘போல்’ அழைப்புக்கு 50 மில்லிநொடி கெடு வைத்திருக்கும் நிரல் கேமரா செத்துவிட்டது என்று எண்ணி ஸ்ட்ரீமை நிறுத்தித் தொடங்கும். இரண்டு நொடி வையுங்கள். நிறுத்தித் தொடங்குவதிலும் ஒரு கண்ணி உண்டு: ‘ஸ்ட்ரீம்ஆஃப்’ செய்ததும் வரிசையில் இருந்த பஃபர் அத்தனையும் நம் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் மறுபடி க்யூபஃப் செய்யாமல் ‘ஸ்ட்ரீம்ஆன்’ மட்டும் போட்டால் ஒரு படமும் வராது. படத்தின் அளவை மாற்ற வேண்டுமானால் ஸ்ட்ரீம்ஆஃப், ‘எம்அன்மேப்’ (மேப்பை விடுவிப்பது), ரெக்பஃப்ஸ் 0, பிறகுதான் புது அளவு. வரிசை தவறினால் ‘ஈபிஸி’ (சாதனம் வேலையில் இருக்கிறது) என்ற பிழைதான்.

டிரைவர் எழுதுவோருக்கென்று கடைசியில் போட்ட பெட்டிச் செய்தியைத் திரும்பப் பெறுவது நல்லது. கெர்னலின் விமல்லாக் அழைப்பில் எடுத்த நினைவகத்தை ‘வர்ட்_டு_ஃபிஸ்’ மூலம் பௌதிக முகவரியாக்கி, ‘ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச்’ மூலம் நிரலுக்கு மேப் செய்யச் சொல்கிறார்கள். விமல்லாக் பக்கங்கள் பௌதிக நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதில்லை. வர்ட்_டு_ஃபிஸ் அங்கே செல்லவும் செல்லாது. நிரலுக்கு யாருடைய நினைவகமோ தெரியும். மேலும் கேட்ட நீளம் பஃபருக்குள் அடங்குகிறதா என்ற சோதனையும் அதில் இல்லை. 2012-இல் சாம்சங்கின் எக்ஸினோஸ் சில்லு வைத்த கைபேசிகளின் ‘எக்ஸினோஸ்-மெம்’ சாதனக் கோப்பு முழு பௌதிக நினைவகத்தையும் யார் வேண்டுமானாலும் மேப் செய்யத் திறந்துவிட்டிருந்தது நினைவிருக்கலாம். 2011-இல் 2.6.39 கெர்னலோடு வந்த, பஃபர் கையாளும் வீடியோபஃப்2 தொகுப்பு இந்த வேலைகளையெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. யூஎஸ்பி போன்றவற்றுக்கு அதன் விமல்லாக் வகை, தொடர் நினைவகம் கேட்கும் டிஎம்ஏ (செயலி வழியே போகாமல் நேரே நினைவகத்தில் எழுதும்) சாதனத்துக்கு டிஎம்ஏ-கன்டிக் வகை. பின்னதற்கு சிஎம்ஏ (தொடர் நினைவகத்துக்கான) ஒதுக்கீடு போதவில்லை என்றால் ரெக்பஃப்ஸ் ‘ஈநோமெம்’ (நினைவகம் இல்லை) சொல்லும். ஆர்ம் பலகைகளில் அந்தப் பஃபர்கள் பெரும்பாலும் கேஷ் (செயலியின் வேக நினைவகம்) இல்லாமல் மேப் ஆகும். அதையே பலமுறை படித்துக் கணக்குப் போடாமல், ஒருமுறை சாதாரண நினைவகத்துக்கு நகல் எடுத்துக்கொள்வதுதான் வேகம். நகலே கூடாது என்ற கட்சிக்கு இது கொஞ்சம் கசக்கும்.

திருத்திய நிரலை அடுத்த இதழில் வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நிரல் ஓடும்போதே கேமராவின் வயரைப் பிடுங்கிச் செருகுங்கள். மின்சாரம் தடுமாறும்போது வீட்டில் நடக்கப்போவது அதுதான். டிக்யூபஃப் ‘ஈநோடெவ்’ (சாதனம் இல்லை) தந்ததும் நிரல் எம்அன்மேப் செய்து கோப்பை மூட வேண்டும். மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கேமரா வேறு எண்ணில் வந்து நிற்கும், நிரல் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். நிரலில் கேமராவை வீடியோ0 என்று எண்ணால் எழுதாமல் ‘பை-ஐடி’ அடைவில் உள்ள பெயரால் திறந்தால் இந்தத் தொல்லையும் இல்லை.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
காரைக்குடி