அபராதக் கடிதம் வந்ததும் பணம் கட்டிவிடாதீர்கள்: டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், கேட்டி, சுகர் லேண்ட், ரவுண்ட் ராக் என்று டெக்சாஸ் முழுக்க வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2022 பொங்கலுக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே இந்தியக் கடையில் மாவிலை வாங்கி, நூலில் கோத்து, வாசல் நிலையில் தோரணம் கட்டினார். இலை காய்ந்து சுருண்ட பிறகும் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. பிப்ரவரியில் எச்ஓஏவின் (வீட்டு உரிமையாளர் சங்கத்தின்) நிர்வாக நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முன் அனுமதி வாங்காத அலங்காரமாம், அகற்றாவிட்டால் அபராதமாம். கூடவே எங்கள் வாசலின் படம், தெருவில் காரில் உட்கார்ந்தபடியே எடுத்தது. வேலை அவசரத்தில் கடிதத்தைச் சமையலறை மேடையில் போட்டுவிட்டு மறந்துபோனேன். அடுத்த மாதம் எங்கள் கணக்கில் 75 டாலர் ஏறியிருந்தது. மறுபேச்சில்லாமல் கட்டினேன். அன்று சாயங்காலம் அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறித் தானே தோரணத்தைக் கழற்றினார். நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "வந்த இடத்துல உனக்கு எதுக்குப்பா வம்பு" என்றார்.

சட்டம் என் பக்கம் இருந்தது என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 202.018 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மத நம்பிக்கையால் வீட்டில் வைக்கும் பொருளை எச்ஓஏ தடுக்கக் கூடாது என்கிறது அது. 2011-இல் வந்தபோது வாசல் கதவுக்கும் நிலைக்கும் மட்டும்தான் பொருந்தும், அதுவும் 25 சதுர அங்குலத்துக்குள். 2021-இல் திருத்தி அந்த அளவை எடுத்துவிட்டார்கள். வீட்டின் மற்ற இடங்களுக்கும் உரிமையை விரித்தார்கள். வீட்டு உரிமையாளர் என்று மட்டும் இல்லை, அங்கே வசிப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. அதாவது அம்மாவுக்கும் உண்டு. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தாக இருந்தாலோ, எச்ஓஏவுக்குச் சொந்தமான பொது இடத்தில் வைத்தாலோ செல்லாது. எங்கள் தோரணம் எங்கள் நிலையில்தான் தொங்கியது. டிரைவ்வேயில் போடும் கோலத்துக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்று வாதம் வரலாம். தோரணத்துக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

இதைச் சொல்லத்தான் இந்த மடல். நம் ஆட்கள் கடிதம் வந்ததும் கட்டிவிடுகிறோம். பத்து வீட்டில் கேட்டால் ஒன்பது வீட்டில் இதே கதை. விசா, கிரீன் கார்டு வரிசை என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் பயம் இதிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. எச்ஓஏ அரசாங்கம் இல்லை, நண்பர்களே. வீடு வாங்கிய நாமே உறுப்பினராக இருக்கும் தனியார் சங்கம் அது. அது போடும் அபராதம் உங்களுக்கும் சங்கத்துக்கும் இடையே உள்ள கணக்கு, அவ்வளவுதான். விசா விண்ணப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, என்ன செய்யலாம்? டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆவது அத்தியாயத்தை ஒருமுறை படியுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் யாருக்கும் புரியக்கூடிய அத்தியாயம்தான் அது. அபராதம் போடுவதற்கு முன் சங்கம் உங்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதுவும் சர்டிஃபைட் மெயில் மாதிரி அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கும் வழியில். சரிசெய்துகொள்ள நியாயமான அவகாசம் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதே தவறுக்கு இரண்டாவது முறை என்றால் அந்த அவகாசம் கிடையாது. நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் கேட்டால் சங்கத்தை நடத்தும் போர்டு உங்களை நேரில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். விசாரணைக்குப் பத்து நாள் முன்பாகவே, உங்களுக்கு எதிராகக் காட்டப்போகும் படம், கடிதம் எல்லாவற்றையும் உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு முதலில் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். தவறு என்ன என்று அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் உங்கள் முறை. பேசுவதைப் பதிவுசெய்துகொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அப்புறம், 2024 ஜனவரியிலிருந்து இன்னொன்று. எந்த மீறலுக்கு எவ்வளவு அபராதம் என்று சங்கம் ஒரு பட்டியல் வகுத்து உறுப்பினர்களுக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே "எந்தக் கணக்கில் 75 டாலர்?" என்று கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. அதற்கு எழுத்தில் பதில் இருந்தாக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அபராதத்தை எதிர்த்துக் கேளுங்கள் என்கிறேனே தவிர, சங்கத்துக்கு வழக்கமாகக் கட்டும் சந்தாவை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. வெறும் அபராத பாக்கிக்காகவும் அதைச் சார்ந்த வக்கீல் செலவுக்காகவும் மட்டும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக டெக்சாஸ் சட்டம் விடாது. சந்தா பாக்கிக்கு விடும். நம்மவர்கள் நெருக்கமாக வாழும் அதே ஃபிரிஸ்கோவில் 2008-இல் நடந்ததை மறக்க முடியாது. ஈராக்கில் பணியில் இருந்த ஒரு ராணுவ கேப்டனின் வீடு, மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ளது, ஆயிரம் டாலருக்கும் குறைவான சந்தா பாக்கிக்காக ஏலம் போனது. ஏலத்தில் எடுத்தவர் கொடுத்தது 3,500 டாலர். நீதிமன்றம் போய், சமரசம் பேசித்தான் அந்தக் குடும்பத்துக்கு வீடு திரும்பக் கிடைத்தது. 2011-இல் சட்டம் மாறியது. இப்போது பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கம் ஏலத்துக்குப் போக முடியாது. ஏலம் போன பிறகும் 180 நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டி வீட்டை மீட்கலாம்.

வேலை போய்விட்டதா? நம்மில் பலருக்கு நடப்பதுதான். அந்த நேரத்தில் எச்ஓஏ கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைத்துவிடுகிறோம். அதுதான் பெரிய தப்பு. 14 மனைக்கு மேல் உள்ள சங்கம் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று மாதம் அவகாசம். கேட்டு வாங்குங்கள். கேட்காமல் இருந்தால் விஷயம் வக்கீலிடம் போகும். அதற்குப் பிறகு சந்தாவைவிட வக்கீல் கட்டணம் வேகமாக ஏறும்.

காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கியவர்கள் மட்டும் கவனிக்கவும்: உங்களுக்கு 82-ஆவது அத்தியாயம். மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாம் அப்படியே அதில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், தனியாகப் படியுங்கள்.

நெவாடாவில் இந்தச் சண்டைகளைக் கேட்க ஓம்பட்ஸ்மன் என்று அரசு அலுவலகம் இருக்கிறது. டெக்சாஸில் அப்படி எதுவும் இல்லை. போர்டு சட்டத்தை மீறினால் நாமாகத்தான் நீதிமன்றம் போக வேண்டும். அதனால்தான் போர்டில் யார் உட்கார்கிறார்கள் என்பது இங்கே இவ்வளவு முக்கியம். எங்கள் கம்யூனிட்டியில் தெருவுக்கு நான்கு தமிழ் வீடாவது இருக்கும். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான் போனபோது, நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. நம்மவர் என்று பார்த்தால் நானும் இன்னொரு அக்காவும்தான். அவர் கையில் ஒரு ஃபைல், அதில் மூன்று வருடத்துப் பட்ஜெட். தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏன் டெண்டர் விடாமலே புதுப்பிக்கப்பட்டது என்று கேட்டார். போர்டு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்துக்குள் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு வாங்கியிருந்தார்கள். கணக்குப் புத்தகம் கேட்பது அவர் உரிமை. சர்டிஃபைட் மெயிலில் கேட்டால் பத்து வேலை நாளுக்குள் காட்டவோ, அதற்குள் முடியாவிட்டால் எப்போது என்று எழுதிச் சொல்லவோ வேண்டும்.

தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு அரங்கம் பிடிக்க, தமிழ்ப் பள்ளிக்குப் பாடம் எடுக்க என்று எத்தனை சனிக்கிழமைகளை ஓடி ஓடிக் கொடுக்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு சாயங்காலம் இதற்கும் கொடுங்கள். சந்தா பாக்கி இருந்தால்கூட உங்கள் வாக்கை யாரும் பறிக்க முடியாது. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முடிந்தவர்கள் போர்டுக்கே நில்லுங்கள். தோரணம் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக்கு அந்தக் கடிதமே வந்திருக்காது.

அடுத்த முறை உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சர்டிஃபைட் மெயில் வந்தால், சமையலறை மேடையில் போட வேண்டாம். முதலில் அனுப்பிய தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாள்.