பல்லே இல்லாதவங்களுக்கு இம்பிளான்ட் வைக்கிற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டாக்டர்,

"மூணே நாள்ல நிரந்தர பல்"னு போர்டு இல்லாத ஊரே இப்ப இல்ல, தாடை எலும்புல ஸ்க்ரூவை இறக்கி அதுமேல பல் மாட்டுற இம்பிளான்ட்டைத்தான் அப்படிச் சொல்றாங்க. ஒரு பல்லும் இல்லாத எழுபது வயசுக்காரங்க அதை நம்பித்தான் சேத்து வச்ச காசை எடுத்துட்டு வர்றாங்க. அவங்ககிட்ட ரேட் சொல்றதுக்கு முன்னாடி தாடை எலும்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, நான் கேக்குறது இவ்ளோதான்.

எங்க பெரியப்பாவுக்கு மேல்தாடைல பின்பக்கம் வச்ச ரெண்டு இம்பிளான்ட்டும் சில மாசத்துலயே ஆடி கழண்டு வந்துடுச்சு, கேட்டா "உங்க எலும்பு வீக்"ங்கறாங்க. கழண்டப்புறம் சொல்ற விஷயமா இது? முன்னாடி எடுத்தது ரெண்டு தாடையையும் ஒரே படமா காட்டுற வெறும் ஓபிஜி எக்ஸ்ரே, அதுல உயரம் தெரியும், எலும்போட அகலம் எங்க தெரியும், அதுக்கு தாடையை முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுத்திருக்கணும்ல.

லெக்ஹோல்ம், ஸார்ப்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985லயே தாடை எலும்பை நாலு வகையா பிரிச்சுட்டாங்க. முதல் வகை நல்ல கெட்டி. நாலாவதுல வெளிய மெல்லிசா ஒரு ஓடு, உள்ள ரஸ்க் மாதிரி பொறபொறன்னு இருக்கும், பெரும்பாலும் மேல்தாடை கடவாய்ப் பக்கம்தான் இது, அங்க பல் போய் எலும்பு கரைஞ்சா மேல இருக்குற சைனஸ்ங்கற காத்தறை வேற கிட்ட வந்துடும். 1991ல ஜாஃபின், பெர்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதுனதுல மத்த மூணு வகைல சுமார் 3 சதவீதம்தான் தோல்வி, நாலாவதுல 35. அது பழைய வழவழ ஸ்க்ரூ காலம், இப்போ சொரசொரப்பான டைட்டானியம் வந்து எவ்வளவோ தேவலாம், உண்மைதான். ஆனா அந்த எலும்புல முதல் நாள் பிடிப்பு கம்மிங்கறது இன்னைக்கும் அப்படியேதான இருக்கு, இம்பிளான்ட்டுக்கு வழிகாட்டுன ஸ்வீடன் டாக்டர் பிரோனேமார்க்கோட முறைல, எலும்பு ஸ்க்ரூவைப் பிடிச்சுக்க கீழ்தாடையவிட மேல்தாடைக்கு கூடுதலா, ஆறு மாசம் போல காத்திருந்தது சும்மாவா?

கீழ்தாடை முன்பக்கம் பெரும்பாலும் கெட்டியா இருக்கும், அங்க ரெண்டே ரெண்டு வச்சு அதுமேல பல்செட்டை மாட்டிக்கலாம், 2002லயே கனடாவோட மெக்கில் பல்கலைக்கழக மாநாட்டுல பல்லே இல்லாத கீழ்தாடைக்கு முதல்ல இதைத்தான் யோசிக்கணும்னு சொல்லிட்டாங்க. செலவும் குறைவு. இதை எத்தனை பேர் பேஷன்ட்கிட்ட சொல்றீங்க?

சுகர், சிகரெட், எலும்புத் தேய்மானத்துக்குப் போடுற மாத்திரை ஊசி, இதையெல்லாம் நீங்களே கேளுங்க, பெருசுங்க தானா சொல்லாது. எந்த இடத்துல எந்த வகை எலும்பு, எவ்ளோ நாள் காத்திருக்கணும், கழண்டா அந்தச் செலவு யாரோடது, இதைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு அப்புறமா அட்வான்ஸ் வாங்குங்க.