முகவரின் கட்டணம் யார் பக்கம்?

ஆசிரியருக்கு,

வீடு, மனை வாங்குவோர் தமக்கெனத் தனி முகவரை அமர்த்திக்கொள்வது நல்லது என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கருத்து சரியே, ஆனால் அந்த முகவருக்கான ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. விலையில் இத்தனை சதவீதம் என்று தரகு பேசினால், விலை ஏற ஏற அவருடைய வருமானமும் ஏறும். வாங்குபவருக்காகப் பேரம் பேச வேண்டியவருக்கே விலை குறைவதால் நட்டம் என்பது விந்தையான ஏற்பாடுதான்.

நான் மனை தேடியபோது நிலையான கட்டணத்துக்கு அமர்த்திய முகவர், பத்திரத்தில் கண்ட அகலம் நிலத்தில் இல்லை என்பதை அளந்து காட்டி, அதை வாங்காமல் தடுத்தார். விற்பனை நடக்காவிட்டாலும் அவருக்குரிய தொகை குறையாது என்பதால் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. எனவே, முகவரின் கட்டணத்தை நிலையான தொகையாக முன்கூட்டியே எழுத்தில் பதிவுசெய்வதையும், விற்பவரிடமும் அவர் பணம் பெறுகிறாரா என்பதை வெளிப்படுத்துவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர்