படபடப்புக்குப் பெயர் கிடைத்தது

அன்புள்ள வசந்தி,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவள், இதோ ஆடியில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு உன் திருச்சிக்கே மாற்றல் வந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் படபடப்புக்கு ஒருவழியாகப் பெயர் கிடைத்துவிட்டது: எஸ்.வி.டி. இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் நாடி திடீரென்று வேகமெடுத்து ஓடுவதாம்.

சும்மா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், தொண்டைக்குழி வரை துடிக்கும். வந்த மாதிரியே பட்டென்று நின்றும்விடும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நாடி ஒழுங்காகிவிடும். இ.சி.ஜி. நார்மல். அந்தத் தாளில் பதிவாவது பத்து விநாடித் துடிப்புதான். அந்த நேரத்தில் வராதது அதில் எப்படித் தெரியும்? போன இடமெல்லாம் ‘டென்ஷன் ஆகாதீங்கம்மா’, ‘இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான்’. நம் ஹாஸ்டல் வார்டன் தேவலை.

புது டாக்டர் சின்னப் பையன். ‘எப்படி அடிக்குதுன்னு மேஜையில தட்டிக் காட்டுங்க’ என்றார். பாட்டு டீச்சருக்குப் பிறகு என்னைத் தாளம் போடச் சொன்னவர் இவர்தான். சிரிக்காதே, இந்த முறை தப்பவில்லை. துடிப்பு சீராக ஓடுகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்பதிலேயே அவர்களுக்குப் பாதி விளங்கிவிடுமாம். தைராய்டு, ஹீமோகுளோபின், எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை உடம்பில் மாட்டிவிட்டார். ஸ்டிக்கர் ஒட்டிய இடமெல்லாம் ஒரே அரிப்பு. ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களில் செய்த முதல் கருவி 38 கிலோவாம், முதுகில் சுமக்க வேண்டும்! அதை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். அன்றைக்கென்று படபடப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் மார்க்கெட்டில் வைத்து வந்தது. ஆட்டோ பிடித்து நேரே எமர்ஜென்சி. நாடி 186, இ.சி.ஜி.யில் அப்படியே பிடிபட்டது. ஒரு காலி சிரிஞ்சைக் கொடுத்து 15 விநாடி மூச்சடக்கி ஊதச் சொன்னார்கள். உடனே மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். பத்தில் நாலு பேருக்கு இதிலேயே நின்றுவிடுமாம். எனக்கு நிற்கவில்லை. அப்புறம் அடினோசின் ஊசி. சில விநாடி நெஞ்சை அழுத்தி, ‘போய்ச் சேர்ந்தோம்’ என்றே நினைத்தேன். அதற்குள் மாமியாரைக்கூட மன்னித்துவிட்டேன். பிறகு நாடி 90. மன்னிப்பையும் வாபஸ் வாங்கியாயிற்று.

இதயத்தில் மின்சாரம் சுற்றிச் சுற்றி வர ஒரு குறுக்குவழி இருக்கிறதாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி விட்டு அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராதாம். ஆவணியில் செய்துகொள்ளப் போகிறேன்.

இப்போது உன் கதை. ‘உனக்கு இருக்கிற மாதிரிதான் எனக்கும்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். இல்லைடி. எனக்கு உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. நீ மலைக்கோட்டைப் படி ஏறும்போது நெஞ்சு படபடத்து, கண் இருட்டி விழுந்திருக்கிறாய். உன் அண்ணன் வேறு அந்தச் சின்ன வயதில், தூக்கத்திலேயே போனார். பெயர் சொல்லாமல் டாக்டரிடம் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, ‘அவங்க இன்னும் யாரையும் பார்க்கலையா?’ என்றார். இதயத் தசை தடிப்பது, மின்னோட்டக் கோளாறு என்று சில வியாதிகள் குடும்பத்தில் வருமாம். அண்ணன் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துவை.

டாக்டரைப் பார்க்கும்வரை உச்சிப் பிள்ளையார் வேண்டாம், அடிவாரத்து மாணிக்க விநாயகரே போதும். பெரியவள் இந்த வாரமே வந்து உன்னை இதய டாக்டரிடம் கூட்டிப்போவாள், சொல்லிவிட்டேன். படபடப்பை அப்புறம் சொல். மயங்கி விழுந்ததையும் அண்ணனையும் முதலில் சொல்.

உன்,
மீனா