கருகிய ஷீல்டுக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். வலது கைக்கட்டை நேற்றுதான் பிரித்தார்கள், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆளுக்கொரு கதை ஓடுவதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஷாக் அடிக்கவில்லை. மின் பேனலில் வேலை செய்ய பிரேக்கரை ஆஃப் செய்து, மின்சாரம் வெளியே போகிற அவுட்கோயிங் பக்கம் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஜீரோ காட்டியது, சரி என்று இறங்கிவிட்டேன். மின்சாரம் பிரேக்கருக்குள் வருகிற இன்கமிங் டெர்மினலில் சப்ளை அப்படியே இருந்தது. அங்கே மீட்டர் வைக்காதது என் தப்பு. நட்டு பிடிபடவில்லை என்று வலது கையுறையைக் கழற்றியது இன்னொரு தப்பு. ஸ்பேனர் நழுவி இரண்டு ஃபேஸுக்கு நடுவே விழுந்தது, ஆர்க் அடித்தது, அதாவது மின்சாரம் காற்றிலேயே பாய்ந்து வெடித்தது, ஒரே வெள்ளை வெளிச்சம், காதைப் பிளக்கிற சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை.

சேஃப்டி ஆபீசர் சார், முதல் நன்றி உங்களுக்கு. அன்று காலையில் என் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஆர்க் கோட்டும் ஃபேஸ் ஷீல்டும் போடாமல் பேனல் கதவைத் திறக்க விடமாட்டேன் என்று நின்றீர்கள். ஆர்க்கில் சூடு 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500தான் என்று நீங்கள் வகுப்பில் சொன்னபோது நான் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தேன். செம்பு ஆவியானால் 67,000 மடங்கு விரியுமாம். அந்த அடிதான் என்னைப் பின்னால் தள்ளியது. அந்தப் பாலியெஸ்டர் சட்டை உடம்பில் இருந்திருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போது கையைத் தவிர எங்கும் காயமில்லை.

யாரென்றே தெரியாத ஒருவருக்கும் நன்றி. எங்கள் பேனலுக்கு முன்னால், சப்ளை வருகிற பக்கம், கோளாறு வந்தால் சப்ளையைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேவில் டைம் டிலேயை (துண்டிக்கும் முன் அது காத்திருக்கிற நேரத்தை) குறைத்து வைத்த இன்ஜினியர் யாரோ, அவரால்தான் சப்ளை சட்டென்று நின்றது. ஆர்க் எரிகிற நேரம் இரட்டித்தால் நம்மேல் விழுகிற வெப்பமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். இதெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற பேப்பர் வேலை என்று நாங்கள் கிண்டல் செய்வது வழக்கம்.

ஷிஃப்ட் அண்ணனுக்கு, என்னை நோக்கி உடனே ஓடி வராததற்கு நன்றி! சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். நான் கீழே கிடந்தபோதும் முதலில் மெயினைப் பூட்டி, சப்ளை போய்விட்டதா என்று டெஸ்ட் செய்துவிட்டுத்தான் என்னைத் தொட்டார். நான் செய்யாத வேலையை அவர் அந்தப் பதற்றத்திலும் செய்தார்.

ஹெல்பர் தம்பி, நீ கை வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றினாய், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாய், பற்பசை தடவலாம் என்று வந்தவரை விரட்டியும் விட்டாய். நான் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே, வலியில் யாரைத் திட்டினேன் என்றே நினைவில்லை. கண்ணையும் காதையும் விடாமல் பரிசோதித்த டாக்டருக்கும், கட்டு மாற்றும்போதெல்லாம் என்னைப் பேச வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்காவுக்கும் நன்றி.

சார், உங்கள் முதுகுக்குப் பின்னால் நான் என்ன பேசினேன் என்பதை அண்ணன் போட்டுக்கொடுத்துவிட்டாராம். உண்மைதான், மன்னியுங்கள். அந்தக் கருகிய ஷீல்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.